முதலில் ஜிப் கோடு

ஆலங்கட்டி விழுந்துகொண்டிருக்கும்போது யாரும் கூரைக்காரருக்குப் போன் செய்வதில்லை. காரை ஷெட்டுக்குள் தள்ளுவார்கள், நாயை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், ஜன்னலை விட்டு விலகி நிற்பார்கள். ஓய்ந்த பிறகுதான் அழைப்பு வரும். டாலஸ் பக்கம் ஆலங்கட்டிக்கு மார்ச் முதல் ஜூன் வரை பருவம். பெரும்பாலும் பிற்பகல் சாய்ந்து இருட்டுவதற்குள் விழும். அங்கே மாலை ஐந்து மணி என்றால் சென்னையில் விடியற்காலை மூன்றரை. தரமணியில் எங்கள் தளத்தில் பாதிப் பேருக்குக் கண் சொருகும் நேரம் அது. "அக்கா, க்யூ ஏறுது" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். டீக்குக் கிளம்பியவர்கள் கப்போடு திரும்பி ஓடி வருவார்கள்.

அமெரிக்காவில் கூரை வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்காகப் போன் எடுத்துப் பேசுவது எங்கள் வேலை. நான் ஹெட்செட் மாட்டித் தொடங்கி, இப்போது ஒரு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தொழிலில் சின்னக் கம்பெனிகள்தான் அதிகம். முதலாளி, கணக்கையும் போனையும் கவனிக்கும் அவர் மனைவி அல்லது தங்கை, இரண்டு மூன்று ஆள் கோஷ்டிகள், சில ட்ரக்குகள், அவ்வளவுதான். சாதாரண நாளில் வரும் அழைப்புகளை அந்த அம்மாவே சமாளித்துவிடுவார். ஆலங்கட்டி விழுந்த மறுநாள் அது நடக்காது. முதலாளி ஏணி மேல் இருப்பார், அம்மா ஒரு அழைப்பில் இருக்கும்போது இன்னும் பத்து வந்து நிற்கும். எடுக்காத அழைப்பு திரும்பி வராது. தேடல் பட்டியலில் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். அதனால் வானிலை எச்சரிக்கை வந்ததுமே தங்கள் போனில் நட்சத்திரக் குறி, 7, 2 அழுத்தி எங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே அடிக்கும் மணி இங்கே கேட்கும். திரையில் கம்பெனியின் பெயரும், அவர்கள் சொல்லச் சொன்ன முதல் வாக்கியமும் வந்து நிற்கும். ஒரே மணி நேரத்தில் ஒருத்தி ஏழெட்டு ஆபீஸாக இருப்பாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில்லை, கூரை சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கான்கிரீட் மொட்டைமாடி, ஓடு, கீற்று, ஆஸ்பெஸ்டாஸ். அங்கே வீடே மரச்சட்டம். சட்டத்தின் மேல் பலகை, பலகை மேல் தார்த்தாள், அதற்கு மேல் வரிசை வரிசையாக ஷிங்கிள். தார் ஏற்றிய கண்ணாடியிழைத் தகடு அது. மேல்பக்கம் பொடிக்கல் ஒட்டி, தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஆலங்கட்டி அதைத் துளைப்பது அபூர்வம். பொடிக்கல்லை உதிர்த்து, உள்ளே இழையை நசுக்கிவிட்டுப் போகும். அதன்பிறகு வெயில் நேராகத் தாரில் படும், தார் காய்ந்து வெடிக்கும். ஒழுகல் பல மாதம் கழித்துக்கூட வரலாம். "ஓட்டை எதுவும் தெரியலை, ஆனா தண்ணிக் குழாய் வாயில கருப்பு மணல் கொட்டிக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னால், கூரை தெரிந்தவள் நிமிர்ந்து உட்காருவாள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவள் சேதமில்லை என்று எழுதி மூடிவிடுவாள்.

அதே பாடத்தில் அளவும் உண்டு. அவர்கள் யாரும் அங்குலத்தில் பேசுவதில்லை. குவார்ட்டர் அளவு என்பார்கள், கோல்ஃப் பந்து என்பார்கள். குவார்ட்டர் நாணயம் 1 அங்குலம், கோல்ஃப் பந்து 1.75, பேஸ்பால் 2.75, சாஃப்ட்பால் 4 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். 2010 முதல் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை 1 அங்குலத்தையும் அதற்கு மேலும் கடுமையான ஆலங்கட்டி என்று கணக்கில் எடுக்கிறது. அதற்கு முன்பு முக்கால் அங்குலமே போதும். எங்கள் தளத்தில் பேஸ்பாலைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எவரும் இல்லை. கேட்டதை எழுதிக்கொள்ள அது தேவைப்படவும் இல்லை.

பயிற்சிப் பிரிவோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. அவர்கள் எழுதித் தரும் ஸ்க்ரிப்டில் முதல் வாக்கியம் எப்போதும் வருத்தம் தெரிவிப்பதாக இருக்கும்: இதைக் கேட்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. ஒரு தடவை சொன்னால் சரி. ஒரு ராத்திரியில் அறுபதாவது தடவை சொல்லும்போது சொல்கிறவளுக்கும் அது காதில் விழாது, கேட்கிறவருக்கும் விழாது. அந்தப் பக்கம் ஹாலில் தண்ணீர் சொட்டுகிறது. அவருக்கு வேண்டியது தன் விலாசம் ஒரு இடத்தில் சரியாகப் பதிவாகிவிட்டது என்ற நிச்சயம். ஆகவே என் குழுவில் முதல் கேள்வி ஜிப் கோடு. ஐந்து இலக்கம். கான்ட்ராக்டர் போகாத பகுதியாக இருந்தால் இருபது வினாடியில் தெரிந்துவிடும். அவரை விட்டுவிடலாம், அவரும் வேறு ஆளைத் தேடலாம். அதற்குப் பிறகு பெயர், திரும்ப அழைக்கும் எண், தெரு. தெருப்பெயரில் வால்தான் முக்கியம். டாலஸின் வடக்கே முளைத்த புதிய குடியிருப்புகளில் ஒரே பெயரில் ஒரு டிரைவ், ஒரு லேன், ஒரு கோர்ட் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். வாலை விட்டுவிட்டால் தார்ப்பாலினோடு போன ட்ரக் யாரோ ஒருவர் வாசலில் நிற்கும்.

அழைப்புகள் அலையலையாக வரும். ஒவ்வொரு அலைக்கும் குரல் வேறு. முதல் ராத்திரி ஒழுகுகிறவர்கள் மட்டும். மறுநாள் காலை வெளிச்சத்தில் தோட்டத்தைப் பார்த்தவர்கள். உடைந்த கிளை, பள்ளம் விழுந்த கார், கிழிந்த ஜன்னல் வலை. இந்த அலைதான் பெரியது. சென்னையில் அப்போது மாலை ஆறரை, ஏழு; ஷிஃப்டுக்கு வரும் கேப் ஓஎம்ஆர் சிக்னலில் நின்றுகொண்டிருக்கும். ஓரிரு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து போன பிறகு மூன்றாவது அலை. அவர்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள், தேய்மானம் என்று போட்டு ஏன் இவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று எங்களிடம் கேட்பார்கள். நான்காவது அலைக்கு யாரும் பயிற்சி தருவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதுக் கூரை வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை என்பவர்கள் அவர்கள். அவர்கள் கத்துவதில்லை. தேதி வாரியாகச் சொல்வார்கள்: இன்ன தேதி போன் செய்தேன், இன்ன பெயர்ப் பெண் எடுத்தாள், இன்னது சொன்னாள். அப்போது முதல் அலையில் எழுதிய குறிப்பைத் திறந்து பார்ப்போம். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் கம்பெனியின் மானம்.

2016 ஏப்ரல் 11, திங்கள் மாலை, டாலஸுக்கு வடகிழக்கே வைலி என்ற ஊரில் சாஃப்ட்பால் அளவுக்கு விழுந்தது. கூரையைத் துளைப்பது அபூர்வம் என்று மேலே சொன்னேன், அன்று துளைத்தது. மறுநாள் இரவு அங்கிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் சான் அன்டோனியோவில் விழுந்தது, அதுவரை டெக்சாஸ் கண்டதிலேயே அதிக இழப்பை ஏற்படுத்திய ஆலங்கட்டி. எங்களுக்கு இரண்டு ஊரிலும் வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டு ஊர்களின் காலை அழைப்புகளும் சேர்ந்து வந்தது ஏப்ரல் 13 மாலையில். விடிந்தால் சித்திரை ஒன்று. லீவு எழுதிக் கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்தபடியே இருந்தார்கள், யாருக்கும் லீவு இல்லை. ஆம்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் அம்மா மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பியிருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு அதை ஆளுக்கொரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு மியூட்டை எடுத்தோம். அதற்கு அடுத்த ஆண்டு மே 8 அன்று டென்வரில் விழுந்தபோது லேக்வுட்டில் ஒரு பெரிய வணிக வளாகமே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கொலராடோவில் எங்களுக்கு அதிகக் கணக்கு கிடையாது. அந்த ராத்திரி வேலை மட்டும் நினைவில் இருக்கிறது.

இந்த வேலை பேசும் வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான், "ராத்திரி பூரா இங்கிலீஷ் பேசுற வேலை" என்பாள் என் மாமியார். பேசுவது வழி. முடிவில் மிஞ்சுவது நாலு வரிக் குறிப்பு. அதைப் படிக்கப்போகிறவர் ஏணிக்கடியில், வெயிலில், ஒரு கையில் போனோடு நிற்கும் மேஸ்திரி. 'வாடிக்கையாளர் மிகுந்த கவலையில் உள்ளார், விரைந்து உதவவும்' என்று எழுதினால் அவருக்கு என்ன பிரயோஜனம்? எல்லாரும்தான் கவலையில் இருக்கிறார்கள். என் குழுவில் நல்ல குறிப்பு என்றால் இப்படி இருக்கும்: இரண்டு மாடி. பின்பக்கப் படுக்கையறை, கூரை விளக்கை ஒட்டி ஒழுகல், நேற்று இரவு 8 மணி முதல். மெயின் பெட்டியில் அந்த அறை லைனை அணைத்துவிட்டார். கூரை செங்குத்து. பின்வாசல் கேட்டில் பூட்டு, எண் தருவார். நாய் இரண்டு. எழுபது தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். இதைப் பார்த்தால் எந்த ஏணி, எத்தனை ஆள், யார் முதலில் என்று அவருக்குக் கணக்கு வந்துவிடும். கோஷ்டி இரண்டுதான், ஒழுகும் வீடு ஐம்பது. யாருக்கு முதலில் தார்ப்பாலின் என்பதை முடிவெடுப்பது கான்ட்ராக்டர்தான் என்று சொல்வார்கள். உண்மையில் அது எங்கள் குறிப்பில் பாதி முடிவாகிவிடும்.

அதனாலேயே சத்தமாகப் பேசுகிறவர் முன்னே போய்விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மெல்லப் பேசுகிற கிழவர்களைக் கேள்வி கேட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். "கொஞ்சம் ஈரமா இருக்கும்மா, பரவாயில்லை" என்பார். எங்கே ஈரம் என்று கேட்டால், ஆக்சிஜன் கருவி சொருகியிருக்கும் சுவர் என்பார்.

சொல்லக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அது ஸ்க்ரிப்டை விட நீளம். 'இன்று ராத்திரியே வந்துவிடுவார்கள்' என்று சொல்லக் கூடாது. தார்ப்பாலின் போடுவது சும்மா விரித்துவிட்டு வருகிற காரியம் இல்லை. கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்து, ஓரங்களில் மரப்பட்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும். இருட்டில், காற்றில், இடி இடிக்கும்போது எந்தக் கான்ட்ராக்டரும் ஆளை மேலே ஏற்றமாட்டார். 'இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடும்' என்று சொல்லக் கூடாது. டெக்சாஸ் பாலிசிகளில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் வீட்டுக்காரர் முதலில் தாமே ஏற்க வேண்டிய தொகை பல சமயம் வீட்டுக் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 6,000 டாலர். இதைக் கேட்டதும் பலர் அடுத்து ஒன்று கேட்பார்கள்: அதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமா? 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் கான்ட்ராக்டர் அப்படித் தள்ளுபடி செய்வது சட்டப்படி குற்றம். அதற்கு முன்பு சிலர் தாராளமாகச் செய்துகொண்டிருந்தார்கள், விளம்பரமே போட்டார்கள். இந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லப் பழக்கினேன். பார்க்கலாம், கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால் அவர் காதில் அது ஆமாம் என்று விழும்.

கஷ்டமான கேள்வி வேறு. அங்கே உள்கூரை ஜிப்சம் பலகை. மேலே தண்ணீர் தேங்கினால் வயிறு மாதிரி தொங்கிவிடும். "குத்திவிடலாமா?" என்று கேட்பார்கள். ஒரு சின்னத் துளை போட்டு வாளியில் வடியவிடுவதுதான் வழக்கம். பலகை மொத்தமாக விழுவதை விட அது மேல். ஆனால் அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது, யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? எங்களால் முடிந்தது இவ்வளவுதான்: அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள், விளக்கு அருகே என்றால் மின்சாரத்தை அணையுங்கள், அணைக்கும் இடமே நனைந்திருந்தால் தொடாமல் 911-ஐக் கூப்பிடுங்கள், கூரை மேல் ஏறாதீர்கள். பிறகு பணியில் இருக்கும் மேஸ்திரியை லைனில் இழுத்து நேராகப் பேசவைப்போம். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர், அவரும் எடுக்காவிட்டால் முதலாளி, எத்தனை மணியானாலும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பியதற்காக என்னைத் திட்டிய முதலாளிகள் உண்டு. எழுப்பாததற்காகத் திட்டு வாங்குவதை விட இது மேல்.

நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பவர்கள் அதிகம். அதில் இனவெறி கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அது நியாயமான பயம். ஆலங்கட்டி விழுந்த மூன்றாம் நாள் வெளிமாநிலப் பதிவெண் ட்ரக்குகள் தெருவில் வந்து கதவைத் தட்டும், முன்பணம் வாங்கும், சில சமயம் காணாமல் போகும். டெக்சாஸில் கூரைக் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமமே கிடையாது, ஃப்ளோரிடாவில் உண்டு. சரிபார்க்க ஒரு சீட்டும் இல்லாத ஊரில், பேச்சில் வேறு வாடை அடித்தால் சந்தேகம் வராதா? ஒரு காலத்தில் எங்கள் தளத்திலும் வெள்ளைக்காரப் பெயர் சூட்டுவார்கள். சிலர் ஒரு படி மேலே போய், திரையில் ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டே "இங்கேயும் இப்போதுதான் மழை விட்டது" என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. வானிலையில் பொய் சொல்கிறவளை விலாசத்தில் எப்படி நம்புவது? நாங்கள் அந்தக் கம்பெனிக்காகப் போன் எடுக்கும் சேவை, கம்பெனியின் ஆபீஸ் இன்ன தெருவில், நாளை காலை எட்டு மணிக்கு அங்கேயிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள் என்று சொல்வோம். வைத்துவிட்டுப் போனவர்கள் சிலர். "சரிம்மா, எழுதிக்கோ" என்றவர்களே அதிகம். தெற்கத்திக்காரர்கள் நம்மைப் போலத்தான். மரியாதையாக ஒரு 'மேம்' சேர்த்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

சூறாவளி வேறு சமாச்சாரம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் பருவம். ஆலங்கட்டி திடீரென்று வரும். சூறாவளி நாட்கணக்கில் வரைபடத்தில் நகர்ந்து வரும். கரையேறிய அன்று கூடுதல் ஆள் போட்டு உட்கார்ந்திருப்போம், ஒன்றும் வராது. 2018 அக்டோபர் 10-ஆம் தேதி மைக்கேல் சூறாவளி ஃப்ளோரிடாவின் மெக்சிகோ பீச் அருகே ஏறியது; அப்போது நான்காம் வகை என்றார்கள், மறு ஆண்டு ஆய்வுக்குப் பின் ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரங்களும் இல்லை, அழைக்க எதைக் கொண்டு அழைப்பார்கள்? வந்த அழைப்புகள் வெளியூரிலிருந்து. அம்மா வீட்டுக் கூரை இருக்கிறதா என்று ஒஹையோவிலிருந்து மகள். 2017 இர்மாவிலும் இதே கதை: ஜார்ஜியாவில் ஏதோ ஓட்டல் அறையில் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் இன்னும் பார்க்காத கூரைக்கு வரிசையில் பெயர் எழுதச் சொன்னார்கள். பார்க்காத சேதத்துக்கு என்ன குறிப்பு எழுதுவது? 'வீட்டுக்காரர் ஊரில் இல்லை, பார்க்கவில்லை' என்றே எழுதினோம். பெரிய சூறாவளிகளுக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவு நீலநிறத் தார்ப்பாலினை இலவசமாகப் போட்டுத் தரும் திட்டம் அறிவிக்கப்படும். கேட்பவர்களுக்கு அதைச் சொல்லலாமா என்று கான்ட்ராக்டர்களிடம் அனுமதி கேட்டேன். ஒருவர் மட்டும் முனகினார். மற்றவர்கள் தாராளமாகச் சொல்லு, எங்களிடம் இருப்பதே மூன்று ஏணி என்றார்கள்.

பணம் நிமிடக் கணக்கு. அழைப்பை எடுத்த வினாடியிலிருந்து ஓடும். கான்ட்ராக்டருக்குச் சின்ன அழைப்பு வேண்டும், எங்கள் நிர்வாகத்துக்கும் க்யூ குறைய சின்ன அழைப்பு வேண்டும், நீளமாக இருந்தால் பில் ஏறுவதில் வருத்தமும் இல்லை. நடுவில் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஜிப் கோடில் தொடங்கி நாயில் முடிக்கிறவளுக்கு மூன்று நிமிடம் போதும். வருத்தத்தில் தொடங்குகிறவளுக்கு ஏழு நிமிடம் ஆகும், அதிலும் கேட் பூட்டு விட்டுப்போயிருக்கும்.

இப்போது இயந்திரக் குரல் வந்துவிட்டது. எங்களோடு நெடுநாளாக இருக்கும் ஒரு கான்ட்ராக்டர் இரவு அழைப்புகளையும் மறுநாள் காலை அலையையும் அதற்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் புகார் இல்லை. ஜிப் கோடை அது எங்களை விடச் சரியாக வாங்குகிறது, ஸ்பானிஷிலும் வாங்குகிறது, டீக்குப் போவதில்லை. தெருவின் வாலைத் திருப்பிக் கேட்டு உறுதிசெய்கிறது. இதை நான் எத்தனை பேருக்குத் தொண்டை வற்றச் சொல்லியிருப்பேன். அது திணறும் இடத்தில் எங்களுக்குத் திருப்பிவிடுகிறது. போனமுறை வந்தானே உயரமான பையன், அவன் ஏதோ சொன்னான், அது என்ன என்று கேட்கும் பாட்டி. தேய்மானக் கணக்குக் காகிதத்தோடு வருகிறவர். தேதி வாரியாகப் பேசும் நான்காம் அலை. மூன்று நிமிடச் சராசரி எங்கள் பக்கம் பதினொன்றாகிவிட்டது.

போன மாத பில்லைப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார். அழைப்பு குறைந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஏன் இவ்வளவு நீளம் என்றார். சுலபமானதையெல்லாம் அங்கே கொடுத்துவிட்டீர்கள் சார், மிச்சம் இருப்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் என்றேன். நிமிடக் கணக்கை விட்டு மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். என் நிர்வாகம் யோசிக்கிறது. அவருக்கு ஃப்ளோரிடாவில் டாம்பாவிலும் ஒரு கிளை உண்டு, அதனால் ஜூன் 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும்.